குடும்ப ஜெபத்தின் மொழி: லிங்கராஜபுரத்துத் தமிழ்க் கிறித்தவ இல்லங்களை முன்வைத்து

இரவு எட்டரை மணியளவில் பெங்களூரு லிங்கராஜபுரத்தின் குறுகலான தெருக்களில் நடந்து செல்பவர், திறந்த சன்னல்களின் வழியே ஒரு தனித்த தமிழைக் கேட்கக்கூடும். அது அத்தெருவில் புழங்கும் தமிழன்று. கடையிலும் ஆட்டோ நிறுத்தத்திலும் கேட்கும் தமிழுமன்று. ‘தேவரீர்’ என்று விளித்து, ‘கிருபை’ என்றும் ‘இரட்சிப்பு’ என்றும் சொல்லி, வினைமுற்றுகளைத் தேயவிடாமல் முழுமையாக உச்சரிக்கும் தமிழ் அது. பகலெல்லாம் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து பேசிப் பிழைப்பை நடத்திவிட்டுத் திரும்பிய தந்தை, அந்தக் கால்மணி நேரம் மட்டும் அதைப் பேசுகிறார். பாட்டி கண்களை மூடியபடி இடையிடையே ‘ஸ்தோத்திரம்’ என்கிறார். தமிழ் எழுத்தறியாத பத்து வயதுப் பிள்ளை, கைப்பேசியில் ஆங்கில வேதாகமத்தைத் திறந்து, எந்த வசனம் வாசிக்கப்படுகிறது என்று தேடித் தோற்று, மெல்ல வேறொரு செயலிக்குள் நழுவுகிறது. ‘ஃபோனைக் கீழே வை, கையைக் கட்டு, கண்ணை மூடு’ என்று தந்தை அதட்டுகிறார். அன்றைய குடும்ப ஜெபத்தில் பிள்ளைக்கு ஐயமின்றிப் புரிந்த தமிழ் அதுவாகவே அமைந்துவிடுகிறது.

இக்காட்சி எந்த ஒரு வீட்டுக்கும் உரியதன்று. பல வீடுகளுக்குப் பொதுவானது. இதற்குச் சபை வட்டாரங்களில் இரண்டு விளக்கங்கள் கூறப்படுவதுண்டு. பிள்ளைகளிடம் பக்தி குறைந்துவிட்டது என்பது ஒன்று. பிள்ளைகளிடம் தமிழ் அழிந்துவிட்டது என்பது மற்றொன்று. முதல் விளக்கம் போதகர்களுக்கு உகந்தது; இரண்டாவது விளக்கம் தமிழ்ச் சங்கங்களுக்கு உகந்தது. நிகழ்வதோ இவ்விரண்டையும்விட எளிமையானது, அதனாலேயே கவலைக்குரியது. பெற்றோர் தம் மனத்தை முழுமையாகத் திறந்து பேசவல்ல மொழி, பிள்ளைகளோடு அவர்கள் பேசும் மொழியாக இப்போது இல்லை. கிறித்தவப் பிள்ளை வளர்ப்பு குறித்த விவாதங்களில் ஒழுக்கம், கைப்பேசி, நட்பு, நேரம் ஆகியவை இடம்பெறுகின்றன. எந்த மொழியில் வளர்க்கிறோம் என்ற வினா அநேகமாக எழுவதே இல்லை.

லிங்கராஜபுரத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1809ஆம் ஆண்டு ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு இடம்பெயர்ந்தபோது உருவானது கண்டோன்மென்ட். சென்னை மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களிலிருந்து சிப்பாய்களும் சமையற்காரர்களும் தோட்டக்காரர்களும் கொத்தர்களும் சிறு வணிகர்களும் படையைத் தொடர்ந்து வந்து குடியேறினர். 1947 வரை தனி ஆட்சிப் பகுதியாக இருந்து, 1949இல் நகராட்சி இணைப்பின்வழி ஒரே பெங்களூராக ஆன அந்நிலப்பரப்பின் வடகிழக்கு ஓரத்தில் லிங்கராஜபுரம் இருக்கிறது. ஒருபுறம் குக் டவுன், மறுபுறம் கம்மனஹள்ளி, அப்பால் ஹெண்ணூர்ச் சாலை. ஃபிரேசர் டவுனிலும் காக்ஸ் டவுனிலும் வாடகை உயர உயர வெளியேறிய குடும்பங்களும், 2001இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்த குடும்பங்களும், வேலூர், திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து அண்மையில் வந்தவர்களும் இத்தகைய கிழக்குப் பெங்களூருக் குடியிருப்புகளில் கலந்து வாழ்கின்றனர். ஆகவே ‘பெங்களூர்த் தமிழ்க் கிறித்தவர்’ என்னும் ஒற்றைப் பெயருக்குள் நான்கைந்து தலைமுறை இடைவெளிகள் உள்ளன. ஒரே சபையில் அருகருகே அமரும் இருவரில் ஒருவரின் கொள்ளுப்பாட்டனார் கண்டோன்மென்டில் பிறந்தவராகவும், மற்றவர் சென்ற ஆண்டுதான் ரயிலேறி வந்தவராகவும் இருக்கலாம். இருவர் பேச்சும் ஒன்றன்று. ஆனால் ஜெபிக்கத் தொடங்கியதும் இருவரும் ஒரே தமிழைப் பேசுகின்றனர்.

அந்தத் தமிழின் வரலாற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கின் புதிய ஏற்பாடு அச்சேறியது முதல், பப்ரிசியுஸ் மொழிபெயர்ப்பு, இரேனியுஸ் திருத்தம் எனப் பல பதிப்புகளைக் கடந்து, 1871ஆம் ஆண்டு ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் பதிப்பில் அது நிலைபெற்றது. புராட்டஸ்டண்ட் இல்லங்களில் இன்றும் பெரும்பாலும் வாசிக்கப்படுவது அதுவே. அதை மாற்ற முயற்சிகள் நடைபெறாமலில்லை. பெங்களூரிலேயே, 1910இல் தொடங்கப்பட்ட ஐக்கிய இறையியல் கல்லூரியின் தொடக்ககால முதல்வராக இருந்த டேனிஷ் அறிஞர் எல். பி. லார்சன் தம் வாழ்வின் பிற்பகுதியைத் தமிழ் வேதாகமத் திருத்தத்துக்கு அளித்தார். 1930களில் வெளிவந்த அத்திருத்தப் பதிப்பைச் சபைகள் ஏற்றுக்கொள்ளவில்லை. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995இல் வந்தது. கத்தோலிக்கர் அதைத் தமதாக்கிக்கொண்டனர், புராட்டஸ்டண்ட் வீடுகளின் மேசையிலோ பழைய பதிப்பே கிடக்கிறது. இவ்வெதிர்ப்பு எவ்வாறு ஓர் அடையாளத்தின் உருவாக்கமாக இருந்தது என்பதை ஹெப்சிபா இஸ்ரேல் 2011இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். புதிய தமிழ் வேண்டா என்று மறுத்தவர்கள் வெறும் பழமைவாதிகள் அல்லர். தாய் ஜெபித்த சொல்லில் தாமும் ஜெபிக்க விரும்பியவர்கள் அவர்கள்.

இவ்விடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. தமிழின் இரட்டை வழக்கு குறித்து ஃபிரான்சிஸ் பிரிட்டோ 1986இல் எழுதிய நூல் மொழியியல் மாணவர்களுக்கு அறிமுகமானது. எழுத்துத் தமிழை எவரும் தாய்மொழியாகப் பெறுவதில்லை. பள்ளியில்தான் கற்றாக வேண்டும். தமிழ்நாட்டுப் பிள்ளைக்குப் பள்ளி அதைக் கற்பிக்கிறது. அதன் மேல் ஏறி வேதாகமத் தமிழை எட்டிப் பிடிப்பது இன்னும் ஒரு படிதான். லிங்கராஜபுரத்துப் பிள்ளைக்கோ இடையிலுள்ள படி இல்லை. ஆங்கிலவழிப் பள்ளி, இரண்டாம் மொழியாகக் கன்னடம் அல்லது இந்தி என்ற அமைப்பில் தமிழெழுத்துக்கு இடமில்லை. வீட்டில் அது கேட்பது கன்னடமும் ஆங்கிலமும் உருதுச் சொற்களும் ஊடாடும் பேச்சுத் தமிழ். அங்கிருந்து ஒரே தாவலில் 1871ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. ‘பரமண்டலம்’ எங்கே இருக்கிறது, ‘தேவரீர்’ என்பவர் யார் என்று பிள்ளை கேட்டால் வீட்டார் சிரிக்கின்றனர். அந்தக் கேள்வி மிகச் சரியான இலக்கணக் கேள்வி என்பதும், முன்னிலை மரியாதை விளியைப் படர்க்கைப் பெயராகப் பிள்ளை பகுத்திருக்கிறது என்பதும் எவருக்கும் தோன்றுவதில்லை. சிரிப்புக்குப் பின் பிள்ளை அதை மறுமுறை கேட்பதில்லை.

பெற்றோர் ஏன் ஆங்கிலத்தைத் தேர்ந்தனர் என்று கேட்பவர்கள் அநேகமாகக் குற்றஞ்சாட்டும் தொனியிலேயே கேட்கின்றனர். அது நியாயமன்று. கண்டோன்மென்டுக்கு வந்த தமிழர்களில் கணிசமானோர் ஊரில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். மிஷன் பள்ளியும் அங்குக் கற்ற ஆங்கிலமும் அவர்களுக்கு அலங்காரமாக வரவில்லை. தலைநிமிர்ந்து நடப்பதற்கான வழியாக வந்தன. அந்நினைவுள்ள குடும்பத்திடம் சென்று ‘தாய்மொழியைக் கைவிட்டீர்’ என்று கூறுபவர், அந்தத் தாய்மொழி ஊர்த்தெருவில் அவர்கள் முன்னோரை எவ்வாறு விளித்தது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். அதனோடு 1991 டிசம்பரில் காவிரிச் சிக்கலையொட்டி நகரத்தில் தமிழர்கள் மீது நடந்த வன்முறையும், 2016 செப்டம்பரில் மீண்டும் எழுந்த பதற்றமும் சேர்கின்றன. பேருந்தில் குரலைத் தாழ்த்திக்கொள்ளப் பழகிய ஒரு தலைமுறை, தன் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான மொழிகளைக் கொடுக்க விரும்பியதில் வியப்பில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் குறிப்பிட்டவர்கள் 3.45 விழுக்காட்டினர். அவ்வெண்ணிக்கைக்குள் தமிழ் படிக்கத் தெரிந்தவர் எத்தனைபேர் என்ற வினாவுக்கு அந்த அட்டவணையில் இடமில்லை.

சட்டமும் இத்தேர்வைப் பெற்றோரிடமே விட்டிருக்கிறது. தொடக்க வகுப்புகளில் தாய்மொழியோ கன்னடமோதான் பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்ற கர்நாடக அரசின் 1994ஆம் ஆண்டு ஆணை குறித்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு 2014இல் தீர்ப்பளித்தது. பயிற்றுமொழியை அரசு திணிக்க முடியாது என்பது அதன் முடிவு. அதனினும் நுட்பமான ஒரு கருத்தும் அதில் உண்டு: குழந்தையின் தாய்மொழி எது என்பதைத் தீர்மானிப்பவர் பெற்றோரோ பாதுகாவலரோ ஆவர். மொழியியல் வகுப்பறையில் இதை வாசிக்கும் மாணவர்கள் புருவம் உயர்த்துவார்கள். தாய்மொழியைத் தாய் அறிவித்துத் தருவதா என்று கேட்பார்கள். லிங்கராஜபுரத்துப் பள்ளிச் சேர்க்கை விண்ணப்பத்தை நிரப்பும் தாயைப் பொறுத்தவரை அது நாள்தோறும் நிகழும் உண்மை. அவர் ஒவ்வொரு நாளும் சோறூட்டும்போதும் தலைவாரும்போதும் அதைத் தீர்மானித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

தேர்ந்தெடுத்தது ஆங்கிலம் என்பதைவிட, எந்த ஆங்கிலம் என்பதே இங்குக் கருதத்தக்கது. பெற்றோரில் பலருக்குக் கைவந்திருப்பது பணியிட ஆங்கிலம். பள்ளிக் குறிப்பேட்டு ஆங்கிலம். சீக்கிரம் வா, வீட்டுப்பாடம் முடித்தாயா, பல் துலக்கு, சத்தம் போடாதே, எத்தனை மதிப்பெண் என்பனவற்றுக்கு அது போதுமானது. நண்பன் ஏமாற்றியதாக அழும் பிள்ளையிடம் தம் சிறுவயதில் தமக்கு நேர்ந்ததை எடுத்துச் சொல்லவோ, தாத்தாவின் மரணத்தை விளக்கவோ, பொறாமையையும் ஐயத்தையும் பற்றிப் பேசவோ அது போதவில்லை. போதாத இடத்தில் பெற்றோர் மௌனமாகின்றனர், அல்லது வேதவசனம் ஒன்றை ஆங்கிலத்தில் சொல்லி முடித்துக்கொள்கின்றனர். பிள்ளைகள் இம்மௌனத்தை அன்பின்மை என்று படிக்கின்றனர். பெற்றோரிடம் அன்பு இருக்கிறது, அதற்கான வாக்கியம் இல்லை.

கோபம் வரும்போது மட்டும் தமிழ் திரும்பி வருகிறது. பன்மொழி இல்லங்களை ஆராய்ந்த அனெட்டா பாவ்லென்கோவின் 2005ஆம் ஆண்டு நூல், உணர்ச்சி முட்டும் தருணங்களில் பெற்றோர் தம் முதல் மொழிக்குத் திரும்புவதைப் பல சமூகங்களிலிருந்து எடுத்துக்காட்டுகிறது. துருக்கியரிடம் 2003இல் ஹாரிஸும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய சோதனை, சிறுவயதில் கேட்ட கண்டிப்புச் சொற்களை முதல் மொழியில் கேட்கும்போது தோலின் மின்கடத்துத் திறன் கூடுதலாக மாறுவதைக் காட்டியது. அதே கண்டிப்பு ஆங்கிலத்தில் வந்தபோது உடல் அவ்வளவு அசையவில்லை. இதை லிங்கராஜபுரத்து வீட்டில் பொருத்திப் பார்த்தால் ஒரு விபரீதம் தென்படுகிறது. தந்தைக்குத் தமிழ் தாலாட்டும் கண்டிப்பும் இரண்டுமாக இருந்தது. பிள்ளைக்கு வரும் தமிழில் தாலாட்டு வடிகட்டப்பட்டு, அதட்டல் மட்டும் எஞ்சுகிறது. பகலில் அதட்டல், இரவில் புரியாத ஜெபம் என்ற இரண்டு வடிவங்களில்தான் பிள்ளை தமிழைச் சந்திக்கிறது. அதிகாரமும் ஆண்டவரும் ஒரே மொழியைப் பேசுவதாகவும், விளையாட்டும் சிரிப்பும் வேறொரு மொழியைச் சேர்ந்தவையாகவும் அதன் மனத்தில் பதிந்தால் எவரைக் குறைசொல்வது? பிரம்பைக் கையாளாத தகப்பனைப் பற்றிய நீதிமொழியைத் தமிழில் மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்கள், பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருக்கும்படி தகப்பன்மாருக்குப் பவுல் எழுதியதைத் தமிழில் அவ்வளவு அடிக்கடி சொல்வதில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

வேதாகமத்திலேயே மொழி மாற்றத்தைக் குறித்த ஒரு பகுதி இருக்கிறது. பிரசங்கங்களில் அது அரிதாகவே எடுத்தாளப்படுகிறது. நெகேமியாவின் புத்தகம் 13ஆம் அதிகாரத்தில், பிற இனப் பெண்களை மணந்த யூதரின் பிள்ளைகளில் பாதிப்பேர் அஸ்தோத்தியரின் மொழியைப் பேசுகின்றனர், யூத மொழி பேச அறியாதிருக்கின்றனர். இதைக் கண்ட நெகேமியா தந்தையரைத் திட்டி, சிலரை அடித்து, மயிரைப் பிடுங்குகிறார். மொழிக்கொள்கையை நடைமுறைப்படுத்தும் முறைகளில் இது ஒன்று. உலகெங்கும் இன்றும் இதற்கு ஆதரவாளர்கள் உள்ளனர். புதிய ஏற்பாட்டில் வேறொரு கலப்புக் குடும்பம் வருகிறது. தீமோத்தேயுவின் தாய் யூதப் பெண், தந்தை கிரேக்கர். அவருடைய விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முன்பே குடியிருந்தது என்று பவுல் நினைவுகூர்கிறார். அந்த வீட்டில் எந்த மொழி பேசப்பட்டது என்று பவுல் கேட்கவில்லை. இரண்டு பெண்களின் வழியாக ஏதோ ஒன்று பிள்ளைக்குச் சென்று சேர்ந்திருக்கிறது. நெகேமியாவைவிட லோவிசாள் சிறந்த மொழித் திட்டமிடுநர் என்று சொல்லத் தோன்றுகிறது.

லோவிசாள்கள் லிங்கராஜபுரத்திலும் இருக்கின்றனர். இரண்டு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில், பேரப்பிள்ளைகளோடு ஒரே அறையில் உறங்குகின்றனர். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் பள்ளி முடிந்து வரும் பிள்ளையோடு மாலை முழுவதும் இருப்பவர் பாட்டிதான். ஆயினும் இந்நகரத்துச் சபைகளில் குடும்பக் கருத்தரங்கு என்ற பெயரில் நடப்பனவற்றில் பாட்டிக்கு இடமில்லை. அங்கே மேசையில் விற்கப்படுபவை பெரும்பாலும் அமெரிக்காவில் எழுதப்பட்ட நூல்கள், அல்லது அவற்றின் சாரம். ஜேம்ஸ் டாப்சனின் ஒழுக்க நூல் 1970ஆம் ஆண்டினது. கேரி சாப்மனின் ஐந்து அன்பு மொழிகள் பற்றிய நூல் 1992ஆம் ஆண்டினது. அந்த ஐந்தில் ஒன்றுகூட மொழியன்று என்பது மொழியியலாளருக்குச் சிறு புன்னகையைத் தரும். தந்தை, தாய், இரு பிள்ளைகள், தனித்தனி அறைகள், ஒரே மொழி என்ற குடும்பத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை அவை. மூன்று தலைமுறையும் நான்கு மொழியும் ஒரே கூடத்தில் இருக்கும் வீட்டுக்கு அவை கூறும் ஆலோசனை, பிறர் அளவுக்குத் தைத்த சட்டையைப் போலத் தோளில் இறுக்கி இடுப்பில் தொங்குகிறது.

உபாகமம் 6ஆம் அதிகாரம் பெற்றோருக்கு இடும் கட்டளை இதைவிட இவ்வீடுகளுக்கு நெருக்கமானது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழுந்திருக்கும்போதும் பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்பது அதன் பொருள். அது பாடவேளையைக் குறிப்பிடவில்லை; அன்றாட உரையாடலைக் குறிப்பிடுகிறது. ஞாயிறு பள்ளிக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும் ஒப்படைத்துவிட முடியாத ஒன்று அது. ஆங்கிலத்தில் நன்கு பயிற்சி பெற்ற இளம் ஆசிரியர் ஞாயிறு காலை ஒரு மணி நேரத்தில் நோவாவின் பேழையை அழகாகக் கற்பித்துவிடலாம். வாடகை கட்ட முடியாத மாதத்தில் அப்பா எப்படி ஜெபித்தார் என்பதை அவர் கற்பிக்க முடியாது. அதைச் சொல்லவல்லவர் அப்பா ஒருவரே. அதுவும் அவருக்குத் தமிழில்தான் சொல்ல வரும்.

சபைகளின் ஏற்பாடும் இப்பிளவை ஆழப்படுத்துகிறது. தமிழ் ஆராதனை ஒரு நேரம், ஆங்கில ஆராதனை மற்றொரு நேரம் என்பது நகரத்துச் சபைகளில் பரவலான வழக்கம். இளையோரை இழந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் ஏற்பட்டது அது. பெந்தெகொஸ்தே நாளில் ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் கேட்டதாக அப்போஸ்தலர் நடபடிகள் கூறுவதை இதற்கு ஆதாரமாகக் காட்டுபவர்கள் உண்டு. அக்கூட்டத்தினர் பல மொழியினராக ஒரே இடத்தில் நின்றனர் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. இன்று பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே ஆலயத்துக்கு வெவ்வேறு நேரத்தில் சென்று, வெவ்வேறு பிரசங்கம் கேட்டு, வெவ்வேறு பாட்டுப் பாடித் திரும்புகின்றனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வழிவந்த கீர்த்தனை மரபு பாட்டியோடு நிற்கிறது; பிள்ளை கிதாரோடு ஆஸ்திரேலியப் பாடலைப் பாடுகிறது. இசை இரண்டும் நன்றே. மதிய உணவின்போது இருவருக்கும் பொதுவாகப் பேச அன்றைய வசனம் ஒன்றுகூட இல்லை என்பதுதான் குறை. கத்தோலிக்கப் பங்குகளில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருப்பலி மொழி குறித்து எழுந்த தமிழ்–கன்னடப் பூசல் ஊரறிந்தது. அதைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். பெற்றோர்–பிள்ளை இடையே சத்தமின்றி நிகழும் இப்பிரிவைப் பற்றி எழுதப்பட்டவை சொற்பம். இங்கே கல்லெறிபவர் இல்லாததால் செய்தியும் இல்லை.

அப்படியானால் வீட்டில் தமிழை மட்டுமே பேசுங்கள் என்று கட்டளையிட்டுவிடலாமா? ஜோஷுவா ஃபிஷ்மன் 1991இல் எழுதிய நூலின் செல்வாக்கில் பலர் அவ்வாறே எண்ணுகின்றனர்: வீட்டில் தலைமுறைக் கடத்தல் நின்றால் மொழி நின்றது; ஆகவே வீட்டைக் காத்தால் மொழியைக் காக்கலாம். இலங்கைத் தமிழரின் புலம்பெயர் குடும்பங்களை கனடாவிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆராய்ந்த சுரேஷ் கனகராஜா 2008ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதற்கு மறுப்புரைத்தார். குடும்பம் சமூகத்திலிருந்து துண்டிக்கப்பட்ட தீவன்று. வர்க்கமும் சாதியும் பாலினமும் இடப்பெயர்வும் அதன் வாசலுக்குள் நுழைந்தே இருக்கின்றன. சமூகம் ஏற்றிய சுமையைத் தாய் ஒருத்தி சமையலறையில் நின்று இறக்கிவிட முடியாது. இது லிங்கராஜபுரத்துக்கும் பொருந்தும். இங்கு வாதிடப்படுவது தமிழைக் காப்பது பற்றியதன்று. பிள்ளைகள் கன்னடம் சரளமாகப் பேசுவது அவர்கள் ஊரில் வேரூன்றியதன் அடையாளம். ஆங்கிலம் அவர்களுடைய உரிமை. காக்கப்பட வேண்டியது பெற்றோரின் குரல். தமிழ் அக்குரலின் கருவியாக இருப்பதால் மட்டுமே இங்குப் பேசப்படுகிறது.

ஆங்கிலத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைத்தால் வாதம் நேர்மையற்றதாகிவிடும். தமிழ் இல்லங்களில் பெரியவர் சிறியவரிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அரிது. அதற்கான சொல் இருக்கிறது, சொல்லும் மரபு இல்லை. தவறுணர்ந்த தந்தை பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டம் வாங்கி வருவார். தாய் கூடுதலாக ஒரு தோசை வைப்பார். பிள்ளை புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வோர் இரவும் தேவனிடம் பாவமன்னிப்பு வேண்டும் வாயால், பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் ‘அப்பா அப்படிப் பேசியிருக்கக் கூடாது’ என்று சொல்ல இயலவில்லை. அந்த இடத்தில்தான் ‘சாரி’ என்ற சொல் புகுந்தது. ‘சாரிடா கண்ணா’ என்று இன்று சொல்கிற தந்தை, தம் தந்தை தமக்கு ஒருபோதும் சொல்லாததைச் சொல்கிறார். ‘தேங்க்ஸ்’ என்பதும் அவ்வாறே. தமிழ் தர மறுத்த அல்லது தர வழக்கமில்லாத இடத்தில் ஆங்கிலம் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. அச்சொற்றொடரிலேயே ‘டா’வும் ‘கண்ணா’வும் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். அவை இல்லாத வெறும் ‘சாரி’ வரிசையில் இடித்துக்கொண்ட அந்நியரிடம் சொல்வது. கலப்பில்தான் அந்த மன்னிப்பு உயிர் பெறுகிறது.

ஆகவே குடும்ப ஜெபத்திலும் கலப்பை அனுமதிப்பதே தக்கது. பிள்ளை தன் கலவை மொழியில், இலக்கணம் பார்க்காமல், நாளைய கணிதத் தேர்வுக்காகவும் தெருநாய்க்குட்டிக்காகவும் ஜெபிக்கட்டும். இடையே எவரும் திருத்த வேண்டாம். தந்தை பிதாக்கள் காலத்துத் தமிழைச் சற்றே இறக்கிவைத்து, மனைவியிடம் பேசும் தமிழில் ஒரு முறை ஜெபித்துப் பார்க்கலாம். முதல் நாள் கூச்சமாக இருக்கும்; கடவுளை மரியாதையின்றி விளித்துவிட்டதாகக்கூடத் தோன்றும். ‘தேவரீர்’ என்பதற்குப் பதிலாக ‘நீங்க’ என்று சொன்னால் மரியாதை குறையுமா என்ற வினா, இரேனியுஸின் திருத்தத்தை வேதநாயக சாஸ்திரியார் எதிர்த்த காலத்திலிருந்து தொடரும் வினா. மொழியில் மேன்மை இல்லையேல் வழிபாட்டில் மேன்மை இல்லை என்னும் அக்கட்சிக்கும் வலு உண்டு. பழைய தமிழை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை. வாசிப்பு 1871இன் தமிழிலும், அதன்மேல் உரையாடல் வீட்டுத் தமிழிலும், பிள்ளையின் கேள்வி எம்மொழியிலும் இருக்கலாம். பாட்டி யோசேப்பின் கதையைப் புத்தகமின்றிச் சொல்லலாம். அண்ணன்மார் குழியில் தள்ளிய கதை எந்தத் தமிழிலும் புரியும்; தங்கையோடு சண்டையிட்ட நாளில் கூடுதலாகவே புரியும்.

சபைகள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. திடப்படுத்தல் வகுப்பு பதின்ம வயதினருக்கு ஆங்கிலத்திலும், பெற்றோர் கூட்டம் தமிழிலும் தனித்தனியே நடத்தப்படுமிடங்களில், ஓரிரு வாரமேனும் இருவரையும் சேர்த்து அமர்த்தி, தம் விசுவாசத்தின் கதையைப் பெற்றோர் பிள்ளைகளிடம் சொல்லவைக்கலாம். மொழிபெயர்க்க எவரும் தேவைப்படாது. இருவருக்கும் இடையில் எவ்வளவு தமிழ் மிஞ்சியிருக்கிறது, எங்கெங்கே ஆங்கிலம் துணைக்கு வருகிறது, எங்கே இரண்டும் கைவிட்டுக் கண்ணீர் வருகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. குடும்ப மொழிக்கொள்கை குறித்துத் தமிழகத்திலும் கர்நாடகத்திலும் ஆய்வேடு எழுத விரும்புவோர் வினாத்தாள்களோடு வீடு வீடாகச் சென்று ‘வீட்டில் எந்த மொழி பேசுவீர்கள்’ என்று கேட்கின்றனர். கிடைப்பது பெருமையோ குற்றவுணர்வோ கலந்த விடை. ஞாயிறு காலை தமிழ் ஆராதனை முடிந்து ஆங்கில ஆராதனை தொடங்குமுன் ஆலய வளாகத்தில் கிடைக்கும் அரைமணி நேரம் இதைவிடச் செறிவான களம். வெளியே வரும் பாட்டியும் உள்ளே செல்லும் பேரனும் அங்கே எதிர்ப்படுகின்றனர். ஸ்கூட்டரில் இரண்டாம் நடையாகப் பிள்ளைகளை அழைத்துவந்த தந்தை வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கிறார். பாட்டி சேலைத் தலைப்பிலிருந்து காணிக்கைக்கென ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துப் பேரன் கையில் வைத்து ஏதோ சொல்கிறார். அவன் ஏதோ பதில் சொல்லிவிட்டுப் படியேறுகிறான். அந்த இரண்டு வாக்கியங்களைப் பதிவு செய்வதிலிருந்து தொடங்கலாம்.